முதல் பொங்கல் காணும் கைக்குழந்தைக்கு: போகிப் புகை முதல் பச்சைக் கற்பூரம் வரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் வந்தால் தலைப்பொங்கல் தம்பதிக்குப் பத்திரிகைகளில் தனி இடம் உண்டு. சீர்வரிசையில் என்னென்ன வரும், பானையில் மஞ்சள் கொத்தை எப்படிக் கட்டுவது என்று எல்லாம் எழுதுகிறார்கள். அதே வீட்டில் அடுத்த தைக்குள் ஒரு கைக்குழந்தை வந்துவிடுகிறது. அதற்கும் அது முதல் போகி, முதல் பொங்கல், முதல் காணும் பொங்கல்தான். ஆனால் அதற்கு என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை வீட்டுப் பாட்டிமார் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். பாட்டிமார் சொல்வதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியைப் பற்றி மட்டும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள நம் வீடுகளையும் சந்துகளையும் மனதில் வைத்து எழுதுகிறோம்.

போகியிலிருந்து தொடங்குவோம். வடசென்னையில் போகி விடிவதற்குக் காத்திருப்பதில்லை. மூன்றரை மணிக்கெல்லாம் பையன்கள் மேளத்தைச் சூடுகாட்டி அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான்கு மணிக்குத் தெருமுனையில் தீ. மார்கழிக் கடைசியில் அந்த நேரத்துக்குக் காற்று அசையாது. தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கிடக்கும்; அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். புகைக்கு மேலே போக வழியில்லை, சந்திலேயே தங்கிவிடும். 2018 போகியன்று காலை மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதே, அது இப்படித்தான். மணலி, எண்ணூர் ஆலைகளின் காற்றை ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிற நமக்குப் போகி ஒரு கூடுதல் தவணை. அதிலும் கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்துப் புகை வேறு. டயரும் ரெக்சினும் நைலான் புடவையும் பிளாஸ்டிக் பாயும் எரிகிற இன்றைய புகை வேறு.

பெரியவர்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறோம். பச்சைக் குழந்தை முப்பதிலிருந்து அறுபது தடவை விடும். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. மூச்சுக்குழாயோ மிகச் சின்னது. நமக்குத் தொண்டை கரகரப்போடு போகிற புகை, அதற்கு மூச்சுத் திணறலாகிவிடும்.

ஆகவே ஏற்பாட்டை முதல் நாள் இரவே செய்துவிட வேண்டும். தெருவைப் பார்த்த அறையில் தாயும் சேயும் படுக்க வேண்டாம்; ஒரே அறை வீடு என்றால் ஜன்னலுக்கு எதிர்மூலை. படுக்கப் போகும்போதே தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். புகை நெடி வந்தபிறகு எழுந்து சாத்தினால் உள்ளே வந்த புகையையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி எல்லா வீட்டிலும் உண்டு. பழைய துண்டை நனைத்துப் பிழிந்து, உருட்டி, அந்த இடைவெளியில் அழுத்தி வையுங்கள். ஈரத்துண்டு புகையை வடிகட்டாது, வழியை அடைக்கும், அவ்வளவுதான். இதை நம்பிக் குழந்தை முகத்தின் மேல் ஈரத்துணி போடுவதோ, மாஸ்க் மாட்டுவதோ கூடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாஸ்க்கே மூச்சை அடைக்கும்.

பலர் தவறுகிற இடம் ஒன்று: புகை வந்துவிட்டதே என்று சமையலறை எக்சாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்பக் கதவு இடுக்கிலும் ஜன்னல் சந்திலும் தெருக்காற்றுதான் உள்ளே வரும். அன்று காலை அதை அணைத்தே வையுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றுவதால் தொந்தரவில்லை. விண்டோ ஏசியில் வெளிக்காற்றுத் திறப்பு இருக்கும், அதை மூடிவிட வேண்டும். வெயில் நன்றாக ஏறிப் புகை கலைந்து, எதிர் வீட்டு மாடி துல்லியமாகத் தெரிகிறபோது கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிடலாம். அன்றைக்கு மட்டுமாவது தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதை விட்டுவிடுங்கள். சாம்பிராணியும் புகைதான்; கூடைக்கடியில் தணல் இருப்பதால் சூட்டுக்காயத்துக்கும் வழி.

தீ அணைந்த பிறகு குழந்தையைக் கவனிக்கும் முறை ஒன்றுண்டு. அது தூங்கும்போதோ, அழாமல் படுத்திருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்பது எல்லை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ வீட்டில் ஆவி பிடித்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மேளத்தைப் பற்றி ஒரு வரி. தெருவில் அடிப்பது தெருவோடு இருக்கட்டும். "பாப்பாவுக்கு முதல் போகி" என்று தொட்டில் பக்கத்தில் கொண்டுவந்து அடித்துக் காட்டுகிற மாமாக்களைக் கொஞ்சம் தடுத்து வையுங்கள்.

போகி சாயங்காலம் தெலுங்கு பேசும் வீடுகளில் போகி பள்ளு. கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். இலந்தைப்பழம், சில்லறைக் காசு, கரும்புத் துண்டு, பூவிதழ், ஊறவைத்த கொண்டைக்கடலை எல்லாம் கலந்து, தலையை மூன்று சுற்றுச் சுற்றி உச்சியிலிருந்து கொட்டுவார்கள். பார்க்க அழகான சடங்கு. ஆனால் அந்தப் பட்டியலில் பூவிதழைத் தவிர மற்றவை எல்லாம் குழந்தையின் தொண்டையில் போய் உட்காரக்கூடிய அளவில் இருப்பவை. ஒரு ரூபாய்க் காசின் குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர். இலந்தைக்கொட்டை அதைவிடச் சின்னது. தவழ்கிற குழந்தை கையில் கிடைத்ததை முதலில் வாயில்தான் போடும்.

சடங்கை நிறுத்த வேண்டியதில்லை, கலவையை மாற்றினால் போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு கைப்பிடி சாமந்தி, ரோஜா இதழ். அதோடு முழு இலந்தைப்பழம் மூன்று, காசு மூன்று போதும். கடலையும் கரும்பும் வேண்டாம். காசையும் பழத்தையும் எண்ணிப் போடுங்கள். தரையில் ஒரே போர்வையாக விரித்து அதன் நடுவில் அம்மா உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தை தனியாக உட்காராது. தலையணையை அண்டக் கொடுத்துப் படத்துக்காக நிமிர்த்தினால் சரிந்துவிடும். கொட்டுகிற கை, தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. பாட்டு முடிந்ததும் முதல் வேலை குழந்தையை வெளியே தூக்குவது. அடுத்தது போர்வையின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாகத் தூக்கி, வேறிடத்தில் பிரித்து எண்ணுவது. மூன்று போனால் மூன்று வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது கட்டிலடியில்தான் உருண்டிருக்கும், கிடைக்கும்வரை தேடுங்கள். நாளைக்கு அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது குழந்தை.

எதையாவது விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டால்: சத்தமாக இருமுகிற, அழுகிற குழந்தையை இரும விடுங்கள், காற்று போய் வருகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல் போனாலோ, முகம் நீலம் பாரித்தாலோதான் நம் கை வேலை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின் மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி, மார்க்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பின் மேல் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டு, நினைவு தப்பினால் 108-இல் பேசுகிறவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுப்பதற்கு மாற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும். தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் உதவாது.

ஆரத்தி சுற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டு குழந்தையின் கை எட்டும் தூரத்தில் வரக்கூடாது. சுண்ணாம்பு டப்பாவையும் பாக்கெட்டையும் கரைத்தவுடன் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். பிள்ளைகள் பாக்கெட்டை அமுக்கி, சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வையே போனதுண்டு. தெறித்துவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இமையைப் பிரித்துப் பிடித்துக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுவுவது முதலில், ஆட்டோ அப்புறம்.

அடுத்து பீரோ. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது உள்ளே கிடந்த கம்பளி, பட்டுப்புடவை எல்லாம் வெளியே வரும், பாச்சா உருண்டை வாடையோடு. பாட்டியின் பழைய பட்டுப்புடவையில் குழந்தையைப் போட்டுத் தூக்குவது ஒரு ஆசை, ஐதீகமும்கூட. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, அந்த உருண்டையின் நாப்தலின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறை இருப்பது வெளியே தெரியாது. எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் வேகமாக ஊறும். ஓரிரு நாளில் கண்ணும் தோலும் மஞ்சளாகி, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும். வெயிலில் போட்டால் வாடை குறையுமே தவிர முழுக்கப் போகாது. பட்டுப்புடவையை அம்மா கட்டிக்கொள்ளவும் வேண்டாம், அது தூரத்தில் இருக்கட்டும்; குழந்தைக்குத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்திச் சேலைதான் நல்லது. கடையிலிருந்து வந்த புதுச்சட்டையையும் ஒரு தண்ணீரில் அலசிவிட்டே போடுங்கள். மஞ்சள் தடவிவிட்டால் தோஷம் போகும், சாயம் போகாது.

பொங்கலன்று காலை எண்ணெய் தேய்க்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும், வாயால் ஊதிச் சளி எடுப்பதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா சுலபத்தில் ஆறாது. கண்ணுக்கு மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைத்தாலும் பலிக்கும்.

இனி பொங்கல் பானை. குழந்தை ஆறு மாதத்தை, அதாவது 180 நாளைத் தாண்டவில்லை என்றால் அதற்குத் தாய்ப்பால் மட்டுமே. "நாக்கில் தொட்டு மட்டும் வைக்கிறேன்" என்பதும் இல்லை. அம்மா வயிறு நிறையப் பொங்கல் சாப்பிடட்டும், பிள்ளைக்குச் சேர வேண்டியது பாலாகச் சேரும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அதே பானையிலிருந்தே கொடுக்கலாம். எடுக்கும் நேரம்தான் முக்கியம். ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீரும் பாலுமாக வைத்து, பால் பொங்கி, அரிசி பருப்பு குழைந்து, வெல்லம் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மூன்று கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். படையலிலும் அந்தக் கிண்ணத்தை வைக்கலாம், பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. அதைக் கரண்டியால் மசித்து, அரை டீஸ்பூன் நெய் விட வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீர்போல் ஓடக்கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். ஓடுகிற பதத்தில் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. பொங்கல் ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால், கொடுக்கும்போது கொதித்த தண்ணீர் ஒரு ஸ்பூன் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பானையில் கலந்த பால் பரவாயில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பாலைப் புகட்டுவதைத்தான் ஒரு வயதுவரை தள்ளிவைக்க வேண்டும்.

முதல் நாளுக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் தாராளம். நிமிர்த்தி மடியில் வைத்து, அது வாயைத் திறந்தால் ஊட்டுங்கள். நாக்கால் வெளியே தள்ளினால் வேண்டாம் என்று அர்த்தமில்லை, விழுங்கத் தெரியவில்லை என்று அர்த்தம். வீடியோ எடுப்பதற்காக மறுபடி மறுபடி திணிக்காதீர்கள். சொல்லப்போனால் சாதமும் பருப்பும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பழக்கியிருந்தால், பத்துப் பேர் சுற்றி நிற்கிற அன்றைக்குக் குழந்தை மிரளாது.

வெல்லமும் உப்பும் இந்த வயதில் தேவையே இல்லை. தேன் ஒரு வயதுவரை ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி, தசைகளைத் தளர்த்திவிடும். பொங்கலில் கலந்து சூடாக்கினாலும் அவை சாவதில்லை. நெய்யில் வறுத்த முந்திரி ஐந்து வயதுவரை முழுதாகவோ பாதியாகவோ வேண்டாம், பொடித்துத்தான். கரும்பை மெல்லக் கொடுத்து வேடிக்கை பார்க்கும் தாத்தாக்களிடமிருந்து அதைப் பக்குவமாக வாங்கி வைத்துவிடுங்கள், நார் பிய்ந்து தொண்டையில் சிக்கும்.

எல்லாவற்றையும்விட நாங்கள் அஞ்சுவது கற்பூரம். கோயில் பிரசாத மணம் வர வேண்டும் என்று சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் போடுகிறார்கள். அந்தப் பொங்கலில் குழந்தைக்கு ஒரு பருக்கைகூட வேண்டாம். அதைவிட ஆபத்து, பூஜைக்கு வாங்கிய சூட டப்பா. வெள்ளை வெளேரென்று கல்கண்டுபோல இருக்கும் வில்லை, தரையில் உட்கார்ந்து பூஜை செய்கிற இடம், பக்கத்தில் தவழ்கிற பிள்ளை. ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், வாந்தியோ மயக்கமோ முன்னறிவிப்பாக வரும் என்றில்லை. வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால், இடையில் வலிப்பு வந்து எல்லாம் நுரையீரலுக்குள் போய்விடும். சளிக்கென்று தேங்காயெண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தடவுகிற பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

பால் பொங்கும் நேரத்தில் கிண்டுகிறவர் இடுப்பில் குழந்தை இருக்கக்கூடாது, அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி வேறொருவர் வைத்திருக்கட்டும். மேலே பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். மாவு, மை, பற்பசை எதுவும் பூச வேண்டாம்.

மாட்டுப் பொங்கலுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து காட்டுங்கள். முதுகில் உட்கார வைத்துப் படமெடுக்க வேண்டாம், மணிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மாடே மிரண்டிருக்கும். படம் என்றதும் இன்னொன்று. இப்போது உருளியிலும் பொங்கல் பானையிலும் குழந்தையை உட்கார வைத்து எடுக்கிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையைப் பானைக்குள் வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடங்கும். பானை பொங்குவதற்கு, பிள்ளை மடிக்கு.

காணும் பொங்கலன்று மெரினா. ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடாத குழந்தையை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டும் என்றால் காலை ஒன்பதுக்குள் போய்ப் பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள். மணலில் தள்ளுவண்டி உருளாது, தோளில்தான் தூக்க வேண்டியிருக்கும். வெயிலுக்கு முகத்தைத் துப்பட்டாவால் மூடாதீர்கள், குடை பிடியுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுங்கள். 2015-லிருந்து பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். மெரினா தூரம் என்று காசிமேடு, திருவொற்றியூர்க் கரைக்கே போகிறவர்களுக்கு: அங்கே அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் பாசி பிடித்து வழுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லில் இறங்க வேண்டாம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் கையில் மெரினாவில் காவல்துறையினர் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். அதில் அப்பா, அம்மா எண்ணோடு, வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் செல்போன் லைன் கிடைப்பது கஷ்டம். வீட்டில் இருப்பவருக்குக் கிடைத்துவிடும். காணாமல் போன பிள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-உம் உண்டு.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போகியன்று வெளியிட்டால் பயனில்லை. பழைய டயர், பாய், துணிகளைத் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடும்படி மாநகராட்சி போகிக்கு முன்பே அறிவிக்கிறது. தெருப் பையன்கள் டயரைச் சேர்க்க ஆரம்பிப்பதும் அதே வாரத்தில்தான். போகிக்கு ஐந்தாறு நாள் முன்னால் போட்டால், டயர் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தெருவில் பேசி முடிவு செய்ய நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தாய்சேய் நலப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.